பெரிய கடல்நீர் பம்ப் நிலையத்துக்கு ஹைட்ராலிக் மாடல்: முதல் கணக்கிலிருந்து கடைசிச் சோதனை வரை

கடற்கரையில் ஒரு அனல்மின் நிலையமோ, அணுமின் நிலையமோ, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையோ கட்டினால் முதலில் மண்ணுக்குள் இறங்குவது பெரும்பாலும் பம்ப் நிலையம்தான். கடல் மட்டத்துக்குக் கீழே ஏழெட்டு மீட்டர் தோண்டி, தண்ணீரைத் தடுத்து, கான்கிரீட் போட்டு முடித்துவிட்டால் அப்புறம் சுவரை நகர்த்த முடியாது. பம்பைக்கூட மாற்றிவிடலாம், பம்ப் தண்ணீர் இழுக்கும் கான்கிரீட் தொட்டியை, அதாவது சம்ப்பை, மாற்ற முடியாது. அதனால்தான் கான்கிரீட் போடும் முன்பே நிலையத்தின் சிறிய அளவு மாதிரியைக் கட்டி, தண்ணீர் விட்டுப் பார்க்கிறோம்.

பம்ப் தொழிற்சாலைச் சோதனையில் நன்றாக ஓடும். அங்கே தொட்டி பெரியது, தண்ணீர் நேராக வரும். தளத்துக்கு வந்ததும் அதே பம்ப் அதிரும், பேரிங் சீக்கிரம் போகும், தண்ணீரைத் தள்ளும் கத்திச் சக்கரமான இம்பெல்லரில் ஒரு பக்கம் மட்டும் அரிப்பு விழும். காரணத்தைத் தேடினால் பல நேரம் அது பம்பிலேயே இருக்காது. இருபது முப்பது மீட்டர் முன்னால், குப்பையைத் தடுக்கும் ஸ்க்ரீனிலோ, பம்ப் அறைகளுக்கு முன்னால் உள்ள முன்தொட்டியிலோ தண்ணீர் கோணலாகத் திரும்பிய இடத்தில் இருக்கும். இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதைத்தான்: மாடலை பம்பிலிருந்து தொடங்காதீர்கள், கடலிலிருந்து தொடங்குங்கள். வரைபடத்தில் இருக்கும் சுத்தமான நிலையத்தைச் சோதித்தால் போதாது. சிப்பி ஒட்டிய குழாயும் பாதி அடைபட்ட ஸ்க்ரீனும் மிகத் தாழ்ந்த அலைமட்டமும் சேர்ந்து வரும் நாளையும் சோதிக்க வேண்டும்.

படி 1: மாடல் தேவையா என்று முடிவு செய்தல்

உலகம் முழுக்க அதிகம் பின்பற்றப்படுவது அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட் வெளியிடும் ஏஎன்எஸ்ஐ/ஹெச்ஐ 9.8 தரநிலை. ஒரு பம்பின் ஓட்டம் வினாடிக்கு 2,520 லிட்டரைத் தாண்டினாலோ, நிலையத்தின் மொத்த ஓட்டம் வினாடிக்கு 6,310 லிட்டரைத் தாண்டினாலோ பௌதிக மாடல் சோதனை வேண்டும் என்கிறது அது. ஓட்டம் குறைவாக இருந்தாலும், சம்ப்பின் வடிவம் தரநிலையில் உள்ள வடிவத்திலிருந்து விலகினாலோ, தண்ணீர் ஒரு பக்கமாகத் திரும்பி வந்தாலோ, பம்ப் நின்றால் ஆலையே ஆபத்தில் சிக்கும் என்றாலோ, அப்போதும் வேண்டும்.

பெரிய கடல்நீர் நிலையங்கள் பெரும்பாலும் இந்த எல்லைகளைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே ‘வேண்டுமா’ என்ற கேள்வியை விட ‘எப்போது’ என்ற கேள்விதான் முக்கியம். சிவில் வரைபடம் கட்டுமானத்துக்குப் போகும் முன் முதல் முடிவுகள் கையில் இருக்க வேண்டும். கம்பி கட்டத் தொடங்கிய பிறகு செய்யும் மாடலில், இருக்கிற கோளாறுக்கு ஒட்டுப் போடும் வழியைத்தான் தேட முடியும்.

படி 2: தகவல் சேகரித்தல், அதிலும் தண்ணீர் மட்டம்

விளக்கத்துக்கு ஒரு கற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து செங்குத்து பம்புகள், நான்கு ஓடும், ஒன்று காத்திருப்பில். ஒவ்வொன்றும் வினாடிக்கு 5 கனமீட்டர், மொத்தம் 20. கடலிலிருந்து 1,000 மீட்டர் நீளச் சுரங்கக் குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது, அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 12 சதுர மீட்டர். அப்புறம் முன்தொட்டி, பெரிய குப்பையைத் தடுக்கும் கம்பி வரிசையான டிராஷ் ரேக், சுற்றிவரும் வலைப்பட்டையான பேண்ட் ஸ்க்ரீன், கடைசியில் ஒவ்வொரு பம்புக்கும் ஓர் அறை.

தாழ்ந்த தண்ணீர் மட்டம் எது என்று கேட்டால் பலர் அலை அட்டவணையைப் பார்த்து மிகத் தாழ்ந்த கடல்மட்டத்தைச் சொல்லிவிடுவார்கள். அது கடலில் இருக்கும் மட்டம். பம்ப் பார்க்கும் மட்டம் வேறு. நம் நிலையத்தில் மிகத் தாழ்ந்த அலைமட்டம் சராசரிக் கடல்மட்டத்துக்கு 1.0 மீட்டர் கீழே என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து காற்று தள்ளும்போது கடல் இன்னும் 0.3 மீட்டர் இறங்கும். சுரங்கக் குழாயிலும் அதன் வாயிலும் உராய்வு இழப்பு இருக்கிறது. குழாய் புதிதாக இருந்தால் உராய்வுக் குணகம் 0.015 அளவில் இருக்கும், இழப்பு அரை மீட்டர்தான். இரண்டு மூன்று வருடம் பார்னக்கிளும் சிப்பியும் ஒட்டிய பிறகு குணகம் இரட்டிப்பாகலாம், விட்டமும் சுருங்கும். வாயில் இழப்பையும் சேர்த்து 1.3 மீட்டர் என்று எடுப்போம். ரேக்கும் ஸ்க்ரீனும் ஓரளவு அழுக்கான நிலையில் 0.4 மீட்டர். எல்லாம் கூட்டினால் பம்ப் அறையில் மட்டம் −3.0 மீட்டர். அலை அட்டவணை சொன்னதை விட இரண்டு மீட்டர் கீழே.

இந்த இரண்டு மீட்டரை யார் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம் வரும். கடல்சார் ஆலோசகர் கடலோடு நிறுத்திக்கொள்வார், பம்ப் கம்பெனி ‘எங்களுக்கு இவ்வளவு மூழ்காழம் (பம்பின் வாய்க்கு மேலே நிற்க வேண்டிய தண்ணீர் ஆழம்) வேண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நடுவில் இருக்கும் இழப்புகள் யார் பொறுப்பிலும் இல்லாமல் விடுபடும். மாடல் ஒப்பந்தம் போடும் முன், கடலிலிருந்து பம்ப் வரை ஒரே தாளில் மட்டக் கணக்கை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படி 3: முதல் வடிவத்தைக் கையால் கணக்கிடுதல்

மாடலுக்குப் போகும் வடிவம் ஏற்கெனவே நியாயமானதாக இருக்க வேண்டும். மோசமான வடிவத்தை ஆய்வகத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று போனால் நேரம்தான் வீணாகும்.

பம்பின் வாய், அதாவது பெல், வினாடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் தண்ணீரை இழுக்க வேண்டும் என்பது தரநிலையின் பரிந்துரை. பெரிய பம்புகளில் 1.2 முதல் 2.1 வரை ஏற்கத்தக்கது. வினாடிக்கு 5 கனமீட்டரை 1.7 ஆல் வகுத்தால் 2.94 சதுர மீட்டர், பெல் விட்டம் சுமார் 1.94 மீட்டர். அறையின் அகலம் பெல் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, 3.9 மீட்டர். பெல்லுக்கும் தரைக்கும் இடைவெளி விட்டத்தில் 0.3 முதல் 0.5 பங்கு. பெல்லுக்கும் பின்சுவருக்கும் கால் பங்கு. அறையின் நீளம் விட்டத்தைப் போல குறைந்தது ஐந்து மடங்கு. அறைக்குள் தண்ணீர் வேகம் வினாடிக்கு அரை மீட்டரைத் தாண்டக் கூடாது.

மூழ்காழத்துக்கு ஒரு சமன்பாடு இருக்கிறது. பெல் வேகத்தை, ஈர்ப்பு முடுக்கத்தையும் பெல் விட்டத்தையும் பெருக்கிய எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது ஃபிரூடு எண். அதை 2.3 ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, பெல் விட்டத்தால் பெருக்கினால் குறைந்தபட்ச மூழ்காழம். நமக்கு ஃபிரூடு எண் 0.39, மூழ்காழம் 3.67 மீட்டர். ஆகவே பெல் விளிம்பு −6.67 மீட்டரில், தரை ஏறக்குறைய −7.6 மீட்டரில். தோண்டும் ஆழம் இங்கே முடிவாகிவிட்டது, பாருங்கள். மட்டக் கணக்கில் அந்த இரண்டு மீட்டரை விட்டிருந்தால் தரை −5.6 என்று வந்திருக்கும், தோண்டும் செலவும் குறைந்திருக்கும், குழாயில் சிப்பி ஏறிய பிறகு ஒரு தாழ்ந்த அலைநாளில் பம்ப் காற்றைக் குடித்திருக்கும்.

படி 4: கணினிக் கணக்குகள்

இரண்டு வகைக் கணக்கு வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை.

முதலாவது, சுரங்கக் குழாயும் முன்தொட்டியும் சேர்ந்து ஊசலாடும் கணக்கு. நான்கு பம்புகளும் மின்தடையில் ஒரே நேரத்தில் நின்றால் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும் 12,000 கனமீட்டர் தண்ணீர் உடனே நிற்காது, முன்தொட்டியில் ஏறும். முன்தொட்டிப் பரப்பு 600 சதுர மீட்டர் என்றால் ஒரு முழு ஊசலுக்கு ஏறக்குறைய 450 வினாடி ஆகும். உராய்வே இல்லை என்று வைத்தால் ஏற்றம் 2.4 மீட்டர் வரை போகும், உராய்வு சேர்ந்தால் குறையும். உயர் அலைநேரத்தில் இந்த ஏற்றம் மேல்தளத்தின் திறப்புகள் வழியாக வெளியே பொங்குமா என்று பார்க்க வேண்டும். இதே கணக்கின் மறுபக்கம்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: பம்புகளை வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் மட்டம் நிலையான மட்டத்துக்கும் கீழே சரிந்து, பிறகுதான் மேலே வரும். மட்டம் தாழ்ந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் போதும், நீர்ச்சுழல் ஒன்று மேலிருந்து காற்றைப் பம்புக்குள் இழுத்துவிடும். பம்ப்களை எத்தனை நிமிட இடைவெளியில் தொடங்குவது என்ற இயக்க விதியே இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். குழாய் சுத்தமாக இருக்கும் நிலையில்தான் ஏற்றம் அதிகம், சிப்பி ஒட்டிய நிலையில் நிலையான மட்டம் தாழ்வு. இரண்டு நிலைக்கும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது சிஎஃப்டி, அதாவது நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறை. முன்தொட்டியில் தண்ணீர் எப்படிப் பிரிகிறது, எந்த அறைக்குக் கோணலாகப் போகிறது, எங்கே தேங்கிச் சுற்றுகிறது என்பதற்கு இது அருமையான கருவி. பத்து வடிவங்களை மலிவாக ஒப்பிட்டு, நல்ல ஒன்றிரண்டை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மாடலின் எல்லையை எங்கே வெட்டுவது என்பதையும் சிஎஃப்டியே காட்டும். ஆனால் மெல்லிய காற்றுச் சுழல் வந்து வந்து மறைவதை, அது எத்தனை சதவீத நேரம் நிலைக்கிறது என்பதை, இன்றைய வழக்கமான சிஎஃப்டி முடிவை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்ள நான் தயாரில்லை. கணக்குக்காகத் தண்ணீரைப் பிரிக்கும் கட்டங்கள் கொஞ்சம் பெரிதானாலும், கொந்தளிப்புக்குச் சராசரி எடுக்கும் முறையைப் பயன்படுத்தினாலும், சுழலின் நடுக்கரு கரைந்துபோய்விடும், திரையில் எல்லாம் அமைதியாகத் தெரியும். பௌதிக மாடலை அப்புறப்படுத்திவிட்டு சிஎஃப்டி போதும் என்று யாராவது சொன்னால், சுழல் நிலைக்கும் நேரத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

படி 5: அளவுவிகிதத்தைத் தேர்ந்தெடுத்தல்

திறந்த நீர்ப்பரப்பு உள்ள ஓட்டத்தை ஈர்ப்பு விசைதான் ஆள்கிறது. ஆகவே மாடலிலும் உண்மை நிலையத்திலும் ஃபிரூடு எண் ஒன்றாக இருக்க வேண்டும். கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்து இந்த வழியைத் திறந்தவர் வில்லியம் ஃபிரூடு, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பொறியாளர். 1:10 மாடல் என்றால் நீளம் பத்தில் ஒன்று. வேகமும் நேரமும் பத்தின் வர்க்கமூலத்தால், அதாவது 3.16 ஆல் குறையும். ஓட்டம் 316 ஆல் குறையும். ஆகவே நம் பம்ப் ஒன்றுக்கு மாடலில் வினாடிக்கு 15.8 லிட்டர், நான்கும் சேர்ந்து 63 லிட்டர். மாடலில் பத்து நிமிடம் பார்த்தால் தளத்தில் ஏறக்குறைய 32 நிமிடம் பார்த்ததற்குச் சமம்.

ஃபிரூடு எண்ணைச் சமமாக வைத்தால் பிசுபிசுப்பும் பரப்பு இழுவிசையும் அதே விகிதத்தில் குறையாது. மாடல் மிகச் சிறியதானால் அவை தலையெடுத்து, உண்மையில் வரும் சுழலை அமுக்கிவிடும். அதைத் தடுக்க, பெல்லில் ஓட்டத்தைப் பிசுபிசுப்போடு ஒப்பிடும் ரெனால்ட்ஸ் எண் 60,000க்கு மேலும், பரப்பு இழுவிசையோடு ஒப்பிடும் வெபர் எண் 240க்கு மேலும் இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. கூடவே அறை அகலம் 300 மில்லிமீட்டர், தண்ணீர் ஆழம் 150 மில்லிமீட்டர், பம்பின் கழுத்து, அதாவது பெல்லுக்கு மேலே ஒடுங்கும் இடத்தின் விட்டம் 80 மில்லிமீட்டர், இவற்றுக்குக் குறையக் கூடாது.

நம் நிலையத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 1:10 மாடலில் பெல் 0.194 மீட்டர், வேகம் 0.54 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,04,000, வெபர் எண் 760க்கு மேல், அறை அகலம் 387 மில்லிமீட்டர். எல்லாம் சரி. 1:12க்குப் போனால் ரெனால்ட்ஸ் எண் 79,000, அகலம் 322, இன்னும் தாங்கும். 1:15க்குப் போனால் ரெனால்ட்ஸ் எண் 57,000, அகலம் 258, இரண்டுமே தோல்வி. ஆய்வகத்தில் இடம் போதவில்லை என்று 1:15 கேட்பார்கள். சுழல் வராத மாடல் கிடைக்கும், அதற்குக் காரணம் நல்ல வடிவமாக இருக்காது. ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: மாடலிலும் கடல்நீர் விட வேண்டாமா? வேண்டாம். கடல்நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,025 கிலோ அளவில், நன்னீரை விட இரண்டரை சதவீதம்தான் அதிகம். ஃபிரூடு எண்ணில் அடர்த்தி வருவதே இல்லை, பரப்பு இழுவிசையும் மிகக் கொஞ்சம்தான் வேறுபடும். மாடலில் நன்னீர் போதும், ஆனால் அது சுத்தமாக இருக்க வேண்டும். சோப்பு, எண்ணெய் கலந்த தண்ணீர் பரப்பின் இயல்பையே மாற்றிவிடும்.

படி 6: மாடலைக் கட்டுதல்

எதையெல்லாம் மாடலுக்குள் கொண்டுவர வேண்டும்? சுரங்கக் குழாயின் கடைசிப் பகுதி, அதில் வளைவு இருந்தால் அந்த வளைவும், முன்தொட்டி முழுவதும், எல்லா அறைகளும், ரேக், ஸ்க்ரீன், நடுச்சுவர்கள், கேட்டுகளின் பள்ளங்கள், மேல்தளத்திலிருந்து தொங்கும் விட்டங்கள் தண்ணீரைத் தொட்டால் அவையும். ஒரே ஒரு அறையை மட்டும் கட்டி நேராகத் தண்ணீர் விடும் மாடல் மலிவானது, பயனற்றது. ஐந்து அறைகளில் நடு அறைக்கும் ஓர அறைக்கும் தண்ணீர் வரும் விதம் ஒன்றாகவே இருக்காது.

பம்பின் இம்பெல்லரை மாடலில் வைப்பதில்லை. பெல்லும் கழுத்தும் சரியான வடிவத்தில், கண்ணாடி போல் தெரியும் அக்ரிலிக்கில் செய்து, மேலே குழாய் இணைத்து, தொலைவில் உள்ள ஒரு பம்பால் தண்ணீரை இழுத்து மறுபடி மாடலின் தலைப்பகுதிக்கு அனுப்புவார்கள். பெல்லைச் சுற்றியுள்ள சுவரும் தரையும் அக்ரிலிக்காக இருந்தால் கீழிருந்து படம் எடுக்கலாம். தரையிலிருந்து எழும் சுழலைப் பார்க்க வேறு வழி கிடையாது.

ஸ்க்ரீனுக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் வலைக்கண்ணை அப்படியே பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் கம்பி மிக மெல்லியதாகி, பிசுபிசுப்பு ஆதிக்கம் செய்து, இழப்பு தவறாகிவிடும். ஆகவே வலையின் திறப்புச் சதவீதத்தையும் இழப்புக் குணகத்தையும் ஒத்திருக்கும் வேறொரு வலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருபக்கமும் தண்ணீர் நுழைந்து நடுவே வெளியேறும் வகை பேண்ட் ஸ்க்ரீன் என்றால் இன்னும் கவனம். அதன் வெளிவாய் ஒடுக்கமானது, தண்ணீர் வேகமான தாரையாகப் பீறிட்டு, பம்பை நோக்கி நேராகப் போகாமல் ஏதோ ஒரு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கடல்நீர் நிலையங்களில் கெட்ட ஓட்டத்துக்கு இதை விட அடிக்கடி வரும் காரணம் ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஸ்க்ரீனுக்கும் பம்புக்கும் இடையே நீளம் போதுமா என்று முதல் வரைபடத்திலேயே பாருங்கள்.

படி 7: கருவிகள்

ஓட்டத்துக்கு மின்காந்த ஓட்டமானி, மட்டத்துக்கு முனை அளவி. பெல் கழுத்தில் வேகத்தை அளக்க பிட்டோ குழாய். முன்தொட்டி, அறைகளில் ஒலி டாப்ளர் வேகமானி. ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க உணவுச் சாயமோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ போதும், ஆனால் மெல்லிய ஊசிக்குழாய் வழியாக மிக மெதுவாக விட வேண்டும், சாயத்தை வேகமாகத் தள்ளினால் அதுவே ஓட்டத்தைக் கலைக்கும்.

பம்புக்குள் ஏறும் தண்ணீரின் சுழற்சியை, அதாவது முன்சுழற்சியை, அளக்க ஒரு சின்னக் காற்றாடி இருக்கிறது: நான்கு நேரான தகடுகள், உராய்வு மிகக் குறைந்த அச்சு, பம்பின் உறிஞ்சு குழாயில் பெல்லுக்கு மேலே குழாய் விட்டத்தைப் போல நான்கு மடங்கு தொலைவில். தண்ணீர் நேராக ஏறினால் அது சுற்றாது. சுற்றினால் அதன் வேகத்திலிருந்து கோணத்தைக் கணக்கிடலாம். நம் மாடலில் அந்தக் குழாய் விட்டம் 0.14 மீட்டர் என்றால் தண்ணீர் வினாடிக்கு 1.03 மீட்டர் வேகத்தில் ஏறும், 5 பாகைச் சுழற்சி என்பது நிமிடத்துக்கு 12 சுற்று. அதாவது அந்தத் தகடுகள் ஐந்து வினாடிக்கு ஒரு முறை, கண்ணால் எண்ணக்கூடிய மெதுவான வேகத்தில் சுற்றினாலே எல்லையைத் தொட்டுவிட்டோம். திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். இடமும் வலமும் மாறி மாறிச் சுற்றும் ஓட்டத்தில் சராசரி பூஜ்ஜியம் என்று வரும், உண்மையில் பம்ப் உதைபட்டுக்கொண்டிருக்கும்.

படி 8: சோதனைப் பட்டியல்

ஐந்து பம்புகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஓடும் எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால் 30. மூன்று தண்ணீர் மட்டங்களில் 90. எல்லாவற்றையும் முழுதாக அளக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரு முறை கண்ணால் பார்த்து, மோசமானவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றை முழுதாக அளப்பதுதான் நடைமுறை. பொதுவாக மோசமாக வருபவை: ஓர அறையும் அதற்கடுத்த அறையும் மட்டும் ஓடுவது, ஒரு பக்கம் முழுக்க நின்று மறுபக்கம் ஓடுவது, குறைந்த மட்டத்தில் நான்கும் ஓடுவது.

இதோடு கடலின் நிலைகளைச் சேருங்கள். ஒரு ஸ்க்ரீனின் பாதியை, அதுவும் ஒரு பக்கப் பாதியை, அடைத்துச் சோதியுங்கள். சீராக அடைத்தால் அடைப்பே ஓட்டத்தைச் சீராக்கிவிடும், எல்லாம் நன்றாகத் தெரியும். உண்மையில் அப்படி அடைவதில்லை. ஜெல்லி மீன் கூட்டம் வந்து அடைப்பது அரிதான கற்பனையும் இல்லை: 2011இல் ஸ்காட்லாந்தின் டார்னெஸ் அணுமின் நிலையத்தையும், 2013இல் சுவீடனின் ஆஸ்கர்ஷாம் நிலையத்தின் பெரிய உலையையும் நிறுத்த வைத்தது அதுதான். ஸ்க்ரீன் பராமரிப்புக்காக ஓர் அறையின் கேட் மூடப்பட்டிருக்கும் நிலையையும் விடாதீர்கள், பராமரிப்பு வருடம் முழுக்க நடக்கும். மணல் படியும் கடற்கரை என்றால் முன்தொட்டியின் மூலையில் மணல் மேடு வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, முடிவான வடிவத்தில் சில மோசமான நிலைகளை மட்டும் ஃபிரூடு எண் சமமாகும் ஓட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓட்டத்தில் சோதிப்பது வழக்கம். அளவு சிறுத்ததால் பரப்புச் சுழல் அமுங்கியிருக்குமோ என்ற சந்தேகத்துக்காக. இந்த ஓட்டத்தில் முன்தொட்டியின் ஓட்ட அமைப்பே மாறிவிடும் என்பதால் இதை மட்டும் வைத்து வடிவத்தை மாற்ற வேண்டாம். ஆய்வகத்தின் பம்ப் வினாடிக்கு 95 லிட்டராவது தர வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 9: ஓட்டிப் பார்த்தல், முடிவு சொல்லுதல்

ஓட்டத்தையும் மட்டத்தையும் அமைத்த பிறகு மாடல் நிலைபெறக் காத்திருங்கள். நிரப்பும்போது கலந்த நுண்குமிழிகள் போக வேண்டும், இல்லாவிட்டால் சுழல் காற்றை இழுக்கிறதா, பழைய குமிழியா என்றே தெரியாது.

பரப்புச் சுழல்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது தரநிலை. முதல் வகை மேலே மெல்லச் சுற்றுவது. இரண்டாவது, பரப்பில் சின்னக் குழி. மூன்றாவதில் சாயம் ஒரு நூல்போல மேலிருந்து பெல் வரை தொடர்ச்சியாக இறங்கும். நான்காவது மிதக்கும் குப்பையை இழுக்கும், ஐந்தாவது காற்றுக் குமிழியை இழுக்கும், ஆறாவதில் பரப்பிலிருந்து பெல் வரை முழுக் காற்றுக் குழல். தரையிலும் சுவரிலும் எழுபவை மூன்று வகை: சுற்று, சாய நூல், காற்றோ ஆவியோ நிரம்பிய கரு. ஏற்கத்தக்கது சாய நூல் உருவாகாத நிலை. பரப்பில் சாய நூல் வந்தாலும், அது பத்து சதவீத நேரத்துக்குள் அடங்கினாலோ, அரிதாக வரும் இயக்க நிலையில் மட்டும் வந்தாலோ விட்டுவிடலாம்.

அந்தப் பத்து சதவீதத்தை எப்படி அளப்பது? 15 வினாடிக்கு ஒரு முறை பார்த்து வகையைக் குறிப்பது, இப்படிக் குறைந்தது பத்து நிமிடம். மொத்தம் 40 குறிப்புகள், அதில் மூன்றாம் வகை நான்குக்கு மேல் வந்தால் தோல்வி. கேட்க எளிது, செய்ய அலுப்பான வேலை. சாயக்குழாயைப் பிடித்தவர் சுழல் நகரும்போது கூடவே நகர வேண்டும். சாயம் சுழலின் நடுவில் விழாவிட்டால் நூல் தெரியாது, ‘சுழல் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். சோதனை நாளில் உரிமையாளர் தரப்பில் ஒருவர் அருகில் நின்று பார்ப்பது இதற்காகத்தான். அறிக்கையில் படமாக வருவது நல்ல நொடிகள் மட்டுமே.

முன்சுழற்சி: பத்து நிமிடச் சராசரியும், 10 முதல் 30 வினாடிக்கு எடுக்கும் குறுகிய அளவுகளும் 5 பாகைக்குள். குறுகிய அளவு 6 பாகை வரை போகலாம், அதுவும் பத்து சதவீத நேரத்துக்குள். பெல் கழுத்தில் எந்தப் புள்ளியிலும் நேரச்சராசரி வேகம், மொத்தச் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஒரே புள்ளியில் வேகத்தின் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கமும் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் பலர் சடங்குபோல் செய்கிறார்கள். கத்திகள் ஒவ்வொரு சுற்றிலும் வேகமான பக்கத்தையும் மெதுவான பக்கத்தையும் மாறி மாறிச் சந்திப்பதால்தான் பேரிங் அடிபடுகிறது, ஆகவே சுழலுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும்.

படி 10: திருத்தங்கள்

முதல் ஓட்டத்திலேயே எல்லாம் தேறுவது அரிது. திருத்தும்போது மேலேயிருந்து கீழே வாருங்கள். முதலில் முன்தொட்டி: சுவரின் விரிவைக் குறைப்பது, குழாய் வாயின் எதிரே தாரையை உடைக்கும் தடுப்பு, நடுச்சுவர்களின் மூக்கை உருட்டுவது அல்லது நீட்டுவது. அடுத்து அறையின் நுழைவு. கடைசியில்தான் பெல்லின் அடி. பெல்லுக்குக் கீழே தரையில் கூம்பு, நீளவாக்கில் ஒரு பிரிப்பு மேடு, பின்சுவரில் செங்குத்துப் பிரிப்பு, மூலைகளில் சரிவு நிரப்பல் ஆகியவை தரைச் சுழலை அடக்கும். பரப்புச் சுழலுக்கு, பம்புக்கு முன்னால் நீர்ப்பரப்பைக் கொஞ்சம் ஊடுருவி இறங்கும் திரைச்சுவர் நல்ல மருந்து.

நன்னீர் நிலையங்களில் துளைத்தகடு வைத்து ஓட்டத்தைச் சீராக்குவார்கள். மாடலில் அது பிரமாதமாக வேலை செய்யும். கடலில் வைத்தால் துளைகளில் சிப்பி வளர்ந்து, ஒழுங்கில்லாமல் அடைத்து, புதிய கோணலை உண்டாக்கும், சில வருடத்தில் கழன்று பம்புக்குள்ளும் போகலாம். மெல்லிய எஃகுத் தகடுகளுக்கும் இதே கதி. சாதாரண 316 வகை எஃகு கடல்நீரில் இடுக்கரிப்புக்கு இரையாகும். ஆகவே கான்கிரீட்டில் வார்க்கக்கூடிய திருத்தங்களை மட்டும் ஏற்பது என்று தொடக்கத்திலேயே ஆய்வகத்திடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு பழைய மோசமான நிலைகளைத் திரும்ப ஓட்ட வேண்டும். ஓர் அறையைச் சரிசெய்த கூம்பு அடுத்த அறையில் சுழற்சியைக் கூட்டிய மாதிரி முடிவுகள் வரத்தான் செய்யும்.

படி 11: அறிக்கையிலிருந்து தளம் வரை

அறிக்கையில் கேட்க வேண்டியவை: எல்லாச் சோதனைகளின் முழு அட்டவணை, தேறாதவையும் சேர்த்து. வெட்டாத காணொளி. திருத்தங்களின் பரிமாண வரைபடம், உண்மை அளவில், அளவு விலகல் எவ்வளவு தாங்கும் என்ற குறிப்போடு. இயக்குநருக்கான கட்டுப்பாடுகள் தனிப் பக்கத்தில்: இந்த மட்டத்துக்குக் கீழே இத்தனை பம்புக்கு மேல் வேண்டாம், இந்தச் சேர்க்கையைத் தவிர்க்கவும், தொடங்குவதில் இத்தனை நிமிட இடைவெளி. அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேராவிட்டால் மாடலுக்குச் செய்த செலவில் பாதி வீண்.

தளத்தில், தண்ணீர் விடும் முன் அறைகளுக்குள் இறங்கி அளந்து பாருங்கள். கூம்பு பெல்லின் நடுவுக்கு நேராக இருக்கிறதா, பெல்லுக்கும் தரைக்கும் இடைவெளி வரைபடப்படியா, ஷட்டர் பலகையின் துண்டுகள், கம்பி முனைகள் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா. பம்ப்கள் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு பம்புக்கும், மாடலில் மோசமாக வந்த அதே சேர்க்கைகளில் அதிர்வை அளந்து அடிப்படைப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கடல் மட்டத்துக்கும் பம்ப் அறை மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதே ஓட்டத்தில் மாதம் ஒருமுறை குறியுங்கள். சுரங்கக் குழாயில் சிப்பி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடும். நம் உதாரணத்தில் குழாய்க்கும் வாய்க்கும் 1.3 மீட்டர், ரேக்குக்கும் ஸ்க்ரீனுக்கும் 0.4 மீட்டர் என்று வைத்தோம். மொத்த வித்தியாசம் 1.7 மீட்டரைத் தொடும் முன் குளோரின் அளவைக் கூட்டவோ, குழாயைச் சுத்தம் செய்யவோ வேண்டும், அது முடியும் வரை தாழ்ந்த அலைநேரத்தில் ஒரு பம்பைக் குறைத்து ஓட்ட வேண்டும்.